காகமும் பனம்பழமும்

உயிர்களின் மாற்றத்தில் தற்செயலுக்கு உள்ள பங்கு

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வடமொழியிலே இது காகதாலீய நியாயம் எனப் பெயர் பெறும். பழம் முதிர்ந்து காம்பு தளர்ந்தமையால் விழுந்தது. காகம் இளைப்பாற இடம் தேடியமையால் வந்து அமர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனியே காரணம் உண்டு. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அன்று. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தமையால், காகத்தின் பாரமே பழத்தை வீழ்த்தியது எனக் கண்டவர் மயங்குகின்றனர்.

இத்தகைய மயக்கம் ஒன்று உயிரியல் விஞ்ஞானத்திலும் நெடுநாள் நிலவிற்று. பூச்சிகொல்லி தெளிக்கப்படும் வயல்களில் சில ஆண்டுகளுக்குள் அந்த நஞ்சுக்கு மசியாத பூச்சிகள் தோன்றுகின்றன. ஒரு காலத்தில் பெனிசிலினுக்கு இரையான நோய்க்கிருமிகள் பல, இன்று அதனைப் பொருட்படுத்துவதில்லை. நஞ்சு வந்தது, உயிர் மாறிற்று. எனவே நஞ்சே உயிரை மாற்றியது என்று எண்ணத் தோன்றுகின்றது. உண்மை அதுதானா? அன்றி, மாற்றம் தன் போக்கில் முன்னரே நிகழ்ந்திருக்க, நஞ்சு பின்னர் வந்து சேர்ந்ததா? காகம் பழத்தை வீழ்த்தியதா, இல்லையா?

பற்றீரியாக்களைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைத்தது 1943 ஆம் ஆண்டிலேதான். அவ்விடை முதன்முதலில் உதித்த இடம் ஆராய்ச்சிசாலை அன்று. ஒரு நடன விருந்தில் வைக்கப்பட்டிருந்த சூதாட்ட இயந்திரத்தின் அருகாமையாகும். அந்த விடைக்கும் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை இறுதியிற் காண்போம்.

இரு கொள்கைகள்

பிரான்சிய அறிஞர் லமார்க், 1809 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, உயிர்கள் தம் தேவைக்கேற்ப உறுப்புகளைப் பயன்படுத்துவதால் அவ்வுறுப்புகள் வளர்ந்து மாறுகின்றன என்றும், அவ்வாறு ஈட்டிய மாற்றம் சந்ததியைச் சென்றடைகின்றது என்றும் கூறினார். உயர்ந்த கிளைகளின் இலையை எட்டி எட்டி ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது என்பது அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று. இக்கொள்கையின்படி தேவை முன்னே, மாற்றம் பின்னே.

ஐம்பது ஆண்டுகளின் பின், 1859 இல், சாள்ஸ் டார்வின் வேறொரு விளக்கம் தந்தார். ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்களிடையே சிறு வேறுபாடுகள் எப்பொழுதும் உள்ளன. வாழ்க்கைப் போராட்டத்திலே அவற்றுட் பொருத்தமானவை எஞ்சி நின்று பெருகுகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு என்றார். இங்கு வேறுபாடு முன்னே, தேர்வு பின்னே. ஆயினும் அவ்வேறுபாடுகள் எவ்வாறு எழுகின்றன என்பதை டார்வின் அறிந்திலர். கிரெகர் மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866 இல் வெளியிட்ட பரம்பரை விதிகள், 1900 ஆம் ஆண்டு வரை உலகின் கவனத்தைப் பெறாது கிடந்தன. அதன் பின்னரே பரம்பரையலகுகள் பற்றிய அறிவு வளர்ந்தது. அவ்வலகுகளில் இடையிடையே திடீரென நிகழும் மாற்றங்களுக்கு விகாரம் எனப் பெயர் வழங்கிற்று.

ஈக்களிலும் செடிகளிலும் இவ்வுண்மைகள் நிலைநாட்டப்பட்ட பின்னரும், பற்றீரியாக்கள் மட்டும் புறம்பாகவே வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பரம்பரையலகுகளே இல்லை என்று கருதிய அறிஞரும் இருந்தனர். கிருமிகள் நஞ்சைச் சந்தித்ததும் அதற்கேற்பத் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன என்பதே பலருடைய அபிப்பிராயம். லமார்க்கின் கொள்கைக்கு எஞ்சியிருந்த கடைசிக் கோட்டை இதுவெனலாம்.

புலம்பெயர்ந்த இருவர்

அக்கோட்டையைத் தகர்த்தவர்கள் இருவர். ஒருவர் இத்தாலியிலே தூரின் நகரிற் பிறந்த வைத்தியர் சல்வடோர் லூரியா. யூத குலத்தவராகிய அவர், முசோலினி அரசின் இனவெறிச் சட்டங்களால் 1938 இல் தாயகத்தை விட்டு நீங்கிப் பாரிசுக்குச் சென்றார். அந்நகரும் 1940 இல் ஜெர்மானியர் கைப்பட, அங்கிருந்தும் தப்பி அமெரிக்காவை அடைந்தார். மற்றவர் பேர்லினிற் பிறந்த பௌதிக அறிஞர் மாக்ஸ் டெல்புறூக். அணுவின் இயல்பை ஆராய்ந்த அவர், உயிரின் இயல்பை ஆராயும் வேட்கையால் 1937 இல் அமெரிக்கா சென்றவர். அக்காலத்தில் அவர் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார்.

பற்றீரியாக்களைத் தாக்கி அழிக்கும் ஒருவகை வைரசுகள் உள. எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியா கோடிக்கணக்காக உள்ள தட்டிலே அத்தகைய வைரசை ஊற்றினால் ஏறக்குறைய யாவும் மடியும். ஆயினும் ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து, பெருகி, வெறுங்கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகளாக வளரும். அவற்றின் சந்ததி முழுவதும் அவ்வைரசுக்கு அஞ்சாதவை. இந்த எதிர்ப்பாற்றல் வைரசைத் தொட்ட பின் உண்டானதா, தொடுமுன்னரே உண்டானதா என்பதை எங்ஙனம் அறிவது? வைரசை ஊற்றினாலன்றி எது எதிர்ப்புடையது என்று தெரியாது. ஊற்றிவிட்டாலோ முன்னர் இருந்த நிலையைக் காணமுடியாது. இதுவே லூரியாவை வாட்டிய சிக்கல்.

சூதாட்ட இயந்திரம்

1943 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூரியா இந்தியானா சர்வகலாசாலையில் ஆசிரியப் பணியை ஏற்றார். சிறிது காலத்தில், ஆசிரியர்களுக்கான நடன விருந்து ஒன்று நடைபெற்றது. அங்கே உடனாசிரியர் ஒருவர் சூதாட்ட இயந்திரத்தில் காசை இட்டுக் கைபிடியை இழுத்துக்கொண்டிருந்தார். இட்ட காசெல்லாம் மீளாது போயிற்று. சூதாட்டத்தில் நாட்டமில்லாத லூரியா அவரைப் பரிகசித்துக்கொண்டு நின்றார். திடீரென அவ்வியந்திரம் ஏறத்தாழ 3 டொலர் பெறுமதியான சில்லறையைக் கொட்டிற்று. நண்பர் லூரியாவை முறைத்துப் பார்த்துவிட்டு அப்பாற் சென்றார்.

லூரியாவின் சிந்தனை அந்தக் காசுக் குவியலில் நிலைத்துவிட்டது. பலமுறை ஒன்றுமில்லை; எப்பொழுதோ ஒருமுறை பெருங்குவியல். கிருமிகளின் கணக்கும் இவ்வாறு அமையுமாயின்? மறுநாட் காலையே அவர் ஆராய்ச்சிசாலைக்கு விரைந்தார்.

அவருடைய தருக்கத்தை நம் முற்றத்து உதாரணத்தால் விளக்கலாம். ஒரே அளவான இருபது சட்டிகளை மழையில் வைத்தால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீரே சேரும். வைரசைத் தொட்ட பின்னரே கிருமி மாறுவதாயின், சமமான எண்ணிக்கையுள்ள இருபது குழாய்களிலிருந்தும் ஏறக்குறைய சமமான தொகையினவே பிழைத்தல் வேண்டும். எல்லாம் வைரசைத் தொடும் நேரமும் ஒன்று, வாய்ப்பும் ஒன்று.

மாறாக, கிருமிகள் பெருகிவரும் காலத்திலேயே, வைரசு இல்லாதபொழுதே, மாற்றம் நிகழ்வதாயின் நிலைமை வேறாகும். பற்றீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். முதல் இரட்டிக்கும் கடன்போல இது வளரும். வளர்ச்சியின் இறுதியில் மாறிய கிருமிக்குச் சந்ததி ஒன்றிரண்டே. இறுதிக்கு ஆறு தலைமுறை முன்னர் மாறிய கிருமிக்கோ 64 சந்ததிகள். ஆகவே பல குழாய்களில் எதிர்ப்புடையவை ஒன்றுமே இரா. சிலவற்றில் ஒரு சில இருக்கும். எங்கோ ஒரு குழாயில் பெருங்குவியல் இருக்கும்.

இருபது குழாய்கள்

வைரசு கலவாத தூய கரைசலில், இருபது குழாய்களில் தனித்தனியே கிருமிகள் வளர்க்கப்பட்டன. பின்னர் ஒவ்வொரு குழாயின் கிருமிகளும் வைரசு பூசிய தட்டில் ஊற்றப்பட்டன. பிழைத்தவற்றை எண்ணியபொழுது, ஒரு பரிசோதனையிற் கிடைத்த தொகைகள் இவை: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35.

மாணவர்கள் இவ்வெண்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இருபதில் பதினொரு குழாய்களில் ஒன்றேனும் இல்லை, ஒன்றிலோ 107. ஒப்பு நோக்கும்பொருட்டு, ஒரே பாத்திரத்தில் வளர்ந்த கிருமிகளிலிருந்து பத்து மாதிரிகள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. அவற்றில் மிகக் குறைந்தது 13. மிகக் கூடியது 26. ஒரே பாத்திரத்து மாதிரிகள் மழைச் சட்டிகளை ஒத்திருந்தன. தனித்தனிக் குழாய்கள் சூதாட்ட இயந்திரத்தை ஒத்திருந்தன.

லூரியா தம் எண்ணத்தை டெல்புறூக்குக்கு எழுதினார். கணிதத்தில் வல்லவரான டெல்புறூக் அதற்குரிய சூத்திரங்களை வகுத்து அனுப்பினார். வெறுமையான குழாய்களின் தொகையைக் கொண்டே விகாரம் நிகழும் வீதத்தைக் கணிக்கலாம் என்பது அவர்கள் கண்ட நுட்பம். அவ்வீதம் பத்துக் கோடியில் இரண்டு மூன்று என்ற அளவினதாக இருந்தது. 1943 இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையோடு பற்றீரியாக்களின் பரம்பரையியல் பிறந்தது எனலாம். 1969 ஆம் ஆண்டு இருவரும், அல்பிரெட் ஹேர்ஷி என்னும் அறிஞரோடு, நோபல் பரிசு பெற்றனர்.

வெல்வெட்டுத் துணியின் சாட்சி

கணக்கினால் உய்த்துணர்ந்த உண்மையைக் கண்ணாற் காணவும் ஒரு வழி பிறந்தது. ஜோசுவா லெடர்பேர்க், அவருடைய மனைவியார் எஸ்தர் லெடர்பேர்க் ஆகிய இருவரும் 1952 இல் அதனை வெளியிட்டனர். கிருமிக் கூட்டங்கள் வளர்ந்த தட்டின்மேல் வெல்வெட்டுத் துணியை மெல்ல ஒற்றினால், துணியின் நுண்ணிய இழைகளில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். அத்துணியைப் புதிய தட்டுகளில் அடுத்தடுத்து ஒற்றினால், முத்திரை பதித்தாற்போல, முதற்றட்டின் பிரதிகள் கிடைக்கும். வைரசு பூசிய பிரதித் தட்டுகள் பலவற்றிலும் ஒரே இடத்திலேயே கிருமிகள் பிழைத்தன. ஆகவே மூலத் தட்டிலே அவ்விடத்தில் எதிர்ப்புடையவை முன்னரே இருந்தமை புலனாயிற்று. மூலத் தட்டிலிருந்தே அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்து, வைரசை ஒருபோதும் சந்தியாத குலத்தில் வந்த கிருமிகள் வைரசுக்கு அஞ்சாதிருத்தலை அவர்கள் மெய்ப்பித்தனர். ஸ்திரெப்தோமைசின் என்னும் மருந்தைக்கொண்டு செய்த சோதனையிலும் அதே முடிவு கிடைத்தது.

பழம் முன்னரே விழுந்து கிடந்தது. காகம் பின்னர்தான் வந்தது.

தற்செயல் என்பது யாது?

தற்செயல் என்ற சொல்லை இங்கு நன்கு தெளிதல் வேண்டும். விகாரத்துக்குக் காரணம் இல்லை என்பது அதன் பொருள் அன்று. பரம்பரைப் பொருளாகிய டீ. என். ஏ. பிரதி செய்யப்படும்பொழுது நேரும் பிழை, சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிர், எக்ஸ் கதிர் முதலிய பல காரணங்கள் உள. காம்பு தளர்வதற்குக் காரணம் இருப்பது போன்றதே இது. நெருக்கடி நேர்ந்த காலத்தில் சில பற்றீரியாக்களில் விகாரங்கள் பெருகுவதும் உண்டு. ஆனால் வேண்டிய மாற்றம் மட்டும் வேண்டிய இடத்தில் அதனால் உண்டாவதில்லை. உயிரின் தேவையை நோக்கி விகாரம் நிகழ்வதில்லை என்பதே தற்செயல் என்னும் சொல்லின் பொருள். அதனாலேயே விகாரங்கள் பல பயனற்றவையாகவும், சில தீயவையாகவும், மிகச் சில நல்லவையாகவும் அமைகின்றன.

தற்செயல் ஒழுங்கற்றதும் அன்று. ஒருமுறை சுண்டிய நாணயம் எப்பக்கம் விழும் என்று கூற இயலாது. பதினாயிரம் முறை சுண்டினால் ஏறத்தாழப் பாதி தலையாகும் என்பது உறுதி. நம் இல்லங்களில் நாளும் காணும் உதாரணம் ஒன்று உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஏன் ஒருவரைப் போல் மற்றவர் இருப்பதில்லை? மனிதருக்கு நிறமூர்த்தங்கள் 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றே பிள்ளைக்குச் செல்லும். எது செல்லும் என்பது தற்செயல். இவ்வகையில் ஒருவர் அளிக்கக்கூடிய சேர்க்கைகள் மட்டும் 83,88,608. தாய், தந்தை இருவரையும் சேர்த்தாலும், நிறமூர்த்தத் துண்டுகள் தம்முள் மாறிக்கொள்வதையும் கணக்கிட்டாலும், அத்தொகை எண்ணுதற்கரியதாகும்.

இதனைக் கேட்ட சிலர், உலகமே குருட்டுச் சூதாட்டமா என்று மனங்கலங்குவர். அதற்கு இடமில்லை. தேவைக்கும் விகாரத்துக்கும் இடையே தொடர்பு உண்டா என்ற சிறிய வினாவுக்கே அப்பரிசோதனை விடை கூறிற்று. உலகத் தோற்றத்துக்குப் பரம்பொருள் உண்டா என்ற பெரிய வினாவை இருபது குழாய்கள் தீர்த்துவிடா. மேலும், கூர்ப்பில் தற்செயல் பாதியே, மறுபாதி தேர்வு. தேர்வோ தற்செயல் அன்று. இவ்விரண்டும் எவ்வாறு கைகோத்துச் செல்கின்றன என்பதைக் காட்டும் நெடிய பரிசோதனை ஒன்று நம் காலத்தில் நடைபெற்றுள்ளது.

பன்னிரண்டு குடுவைகள்

அமெரிக்க அறிஞர் றிச்சட் லென்ஸ்கி, 1988 பெப்ரவரி 24 ஆம் திகதி, ஒரே மூலத்திலிருந்து வந்த எசரிக்கியா கோலிக் கிருமிகளைப் பன்னிரண்டு குடுவைகளில் இட்டார். உணவாகச் சிறிதளவு குளுக்கோசு கொடுக்கப்பட்டது. நாள்தோறும் நூறில் ஒரு பங்கு புதிய கரைசலுக்கு மாற்றப்பட்டது. ஒரு நாளில் ஆறேழு தலைமுறைகள் கழியும். ஐந்நூறு தலைமுறைக்கு ஒருமுறை மாதிரிகள் உறையவைத்துப் பேணப்பட்டன. இப்பரிசோதனை 75,000 தலைமுறைகளைக் கடந்துவிட்டது. மனித குலத்துக்கு இத்தனை தலைமுறைகள் செல்லப் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது வேண்டும்.

பன்னிரண்டு குலங்களும் தம் மூதாதையரைக் காட்டிலும் விரைவாக வளரக் கற்றன; எல்லாவற்றிலும் கலங்கள் பருத்தன. விகாரங்கள் தனித்தனியே தற்செயலாகத் தோன்றியும், திசை ஏறக்குறைய ஒன்றாயிற்று. இதுவே தேர்வின் கை.

ஆனால் அக்கரைசலிலே வேறொரு பொருளும் இருந்தது. தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான சித்திரிக்கமிலத்தின் உப்பாகிய சித்திரேற்று அது. ஒட்சிசன் உள்ள இடத்தில் இவ்வகைப் பற்றீரியா அதனை உண்ணமாட்டாது. விருந்து முன்னே விரிந்திருந்தும் பசியோடிருந்தன அக்கிருமிகள். தேவையே மாற்றத்தைத் தருமாயின், பன்னிரண்டு குலங்களும் விரைவில் அதனை உண்ணத் தொடங்கியிருத்தல் வேண்டும். நடந்தது யாது? ஏறத்தாழ 31,500 தலைமுறைகள் கழிந்த பின், 2003 ஆம் ஆண்டில், ஒரே ஒரு குடுவை வழமைக்கு மாறாகக் கலங்கிற்று. அதிலுள்ள கிருமிகள் சித்திரேற்றை உண்டு பெருகியிருந்தன. மற்றப் பதினொரு குலங்களும் அவ்வாறே பசியோடிருந்தன.

லென்ஸ்கியின் மாணவர் சக்கரி பிளவுண்ட், உறையவைத்த பழைய மாதிரிகளை எழுப்பி, அக்குலத்தின் வரலாற்றை மீண்டும் நடத்திப் பார்த்தார். தொடக்ககால மாதிரிகளிலிருந்து அவ்வாற்றல் மீளத் தோன்றவில்லை. ஏறக்குறைய 20,000 தலைமுறைகளுக்குப் பிந்திய மாதிரிகளிலிருந்தே சிலவேளை தோன்றிற்று. பின்வரும் மாற்றத்துக்கு இடமளித்த வேறொரு மாற்றம் அக்குலத்தில் முன்னரே நிகழ்ந்திருந்தது என்பது இதனாற் பெறப்பட்டது. 2008 இல் இம்முடிவு வெளியாயிற்று. எந்த நற்பேறு எப்பொழுது வரும் என்பதும், அதனைப் பயன்படுத்தும் நிலையில் உயிர் இருக்குமா என்பதும் வரலாற்றின் தற்செயல். வந்த நற்பேற்றைக் கைவிடாது பேணிப் பெருக்குவது தேர்வின் ஒழுங்கு.

வீட்டு மருந்துப் பெட்டி

இனி நம் வீட்டுக்கு வருவோம். அன்ரிபயோற்றிக் என வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பிப்பதில்லை. எதிர்ப்பாற்றல் அற்றவற்றைக் கொன்று, உள்ளவற்றுக்கு இடம் விடுகின்றன. பெனிசிலின் நோயாளர்க்குப் பயன்படுமுன்பே, 1940 இல், அதனை அழிக்கும் நொதியம் பற்றீரியாக்களில் உண்டென்பதை ஒக்ஸ்போர்ட் அறிஞர் கண்டனர். கனடாவிலே யூக்கோன் பிரதேசத்தில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில், இத்தகைய எதிர்ப்புக்குரிய பரம்பரையலகுகள் இருந்தமை 2011 இல் வெளியாயிற்று. மருந்துக்கடைகள் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே எதிர்ப்பாற்றல் இருந்தது. ஒரு கிருமியிற் பிறந்த எதிர்ப்பலகு அயலிலுள்ள வேற்றினக் கிருமிக்குக் கைமாறுவதும் உண்டு.

ஆகவே, நாம் வேண்டாதபொழுது விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் ஒரு தேர்வுப் பரீட்சை நடத்துகின்றது. சித்தியடைவோர் நமக்கு வேண்டாதவர். தடிமனும் பெரும்பாலான இருமலும் வைரசினால் வருபவை. அவற்றுக்கு இம்மருந்துகளாற் பயனில்லை; ஆனால் நம் உடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்களிடையே பரீட்சை மட்டும் நடந்தேறும். பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்றபொழுதே, போதிய அளவின்றி அம்மருந்தை உட்கொள்வதால் நேரும் கேட்டை எச்சரித்தார். எச்சரிக்கை பலிக்கவே செய்தது. 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு மசியாத பற்றீரியாத் தொற்றுகளே நேர்க்காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

வைத்தியர் எழுதித் தராத நுண்ணுயிர்க்கொல்லியைக் கடையில் கேட்டு வாங்குதல், அயலவருக்குக் கொடுத்தது மீதியாயிருக்க அதைத் தம் பிள்ளைக்குக் கொடுத்தல், வைத்தியர் விதித்த அளவைத் தாமே கூட்டுதல் அல்லது குறைத்தல் ஆகியன நம்மிடையே சாதாரணமாகிவிட்ட பழக்கங்கள். இவற்றை விடுதல் எந்தக் குடும்பத்துக்கும் இயலும். பத்துக் கோடியில் ஒன்றிரண்டு கிருமிகள் தற்செயலாக மாறுவதைத் தடுக்க நம்மால் இயலாது. அவ்வொன்றிரண்டு நாளை கோடிகளாகப் பெருகுவதா, பெருங்கூட்டத்திடையே அடங்கிக் கிடப்பதா என்பது பெரிதும் நம் கையில் உளது. பனம்பழம் எப்பொழுது விழும் என்று எவரும் அறியார். விழுந்த விதையை முளைக்கவிடும் நிலம் எது என்பதையேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.